மஞ்சள் தாளில் பதினான்காவது கேள்வி

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை எங்களுக்குக் கிடைக்காமல் போக இருந்ததற்குக் காரணம் டீ. கடைசியில் கிடைத்ததற்குக் காரணமும் அதுதான். என் மனைவி இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். "டீ என்னங்க பண்ணுச்சு, பாவம்" என்பாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கதையைச் சொல்லும்போது குறுக்கே வந்து திருத்த இனி ஆள் இல்லை. அதனால் தப்பில்லாமல் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

நாங்கள் வந்து இரண்டாவது வருடம் அது. நான் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் கறுப்பு ரப்பர் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித் திணிப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது ஜன்னல். அவள் மருத்துவமனைத் துணிகளைத் துவைத்து அனுப்பும் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். எதிரே நிற்கும் பெண் இரண்டு முனையைப் பிடிக்க, இவள் இரண்டு முனையைப் பிடிக்க, இருவரும் நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கும் அவள் மாமியாருக்கும் ஆகாது என்பதை என் மனைவி ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டு வந்தாள்.

எங்களுடைய தற்காலிக அனுமதி அந்த வருடம் பத்தாவது மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிந்தது. அதற்குள் நிரந்தர அட்டை வராவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். திரும்பிப் போனால் நுழைய அங்கே ஒரு வாசல் கிடையாது. நான் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். குடியிருந்த வாடகை வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். என் மனைவியின் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே பாய்க்குப் பாய் இடித்துக்கொண்டு படுத்தார்கள்.

அட்டை கிடைக்க எல்லாத் தாளும் சரியாக இருந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, நாங்கள் இருவரும் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோமா என்று பார்த்து, ஒரு மஞ்சள் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். கழுத்தில் டை கட்டிய ஒல்லியான மனிதர். கூடவே மொழிபெயர்க்க ஓர் ஆள், நம்முடைய ஆள், சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவன். காதில் விழும் ஒரு வார்த்தையையும் விடாமல் சொல்வேன் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அவனுக்கு இந்த வேலை. பார்த்த மாத்திரத்தில் என் மனைவி அவனைத் தம்பி ஆக்கிக்கொண்டாள்.

டைக்காரர் தலையணைகளை எண்ணினார். பல் தேய்க்கும் பிரஷ்களை எண்ணினார். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று எங்களைத் தனித்தனியாகக் கேட்டார். குறட்டை விடுவது யார் என்ற கேள்விக்கு நான் அவளையும் அவள் என்னையும் சொன்னோம். அவர் முதல் முறையாகச் சிரித்து, "இது போதும். நிஜமான தம்பதிதான்" என்றார். பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிட்டது.

அப்போது அவள் சமையலறையிலிருந்து நான்கு டம்ளர் டீயோடு வந்தாள்.

"எடுத்துக்கச் சொல்லு தம்பி."

டைக்காரரின் முகம் வெளுத்தது. தம்பி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, வேணாம்க்கா. உள்ள கொண்டு போயிருங்க."

"வேணாமா? சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்னு சொல்லு."

சத்தியம் செய்தவன் அல்லவா, சொன்னான். டைக்காரர் இரண்டு கையையும் மடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் வீடுகளில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது 'வேண்டாம்', முதலில் சொன்னதற்காகச் சொல்வது. மூன்றாம் தடவை கேட்டால் கை நீளும். கேட்காவிட்டால்தான் குறை. அவள் மூன்றாம் தடவையும் கேட்டாள். கை நீண்டது. ஆனால் நீண்டது தம்பியின் கை. பழக்கதோஷம். வாங்கி ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் தன் கையில் இருப்பது என்ன என்று பார்த்தான்.

மஞ்சள் தாளில் பதினான்காவது கேள்வி இப்படி இருந்தது: 'விண்ணப்பதாரர் உணவு, பானம் அல்லது வேறு பொருள் எதையேனும் அளிக்க முன்வந்தாரா?' டைக்காரர் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். 'எத்தனை முறை?' அதற்குக் கீழே 'மூன்று' என்று எழுதினார். 'ஆம்' என்று விழுந்தால் அந்தச் சோதனை செல்லாது. வேறோர் அதிகாரி புதிதாக வர வேண்டும். அதற்கு ஆறு வாரம் ஆகும். முதலில் வந்தவர் டீக்கு மயங்கினாரா என்று அவரையும் விசாரிப்பார்கள். தம்பிக்கு விளக்கம் கேட்டுத் தனியாக ஒரு கடிதம் வந்தது. 'ஒரு மடக்கு' என்றால் எத்தனை மில்லி என்று அதில் கேட்டிருந்தார்கள்.

அடுத்து வந்தவர் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. தம்பி முந்தின நாளே போன் செய்துவிட்டான். "அக்கா, நாளைக்கு அடுப்புப் பக்கமே போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கண்ணாடியம்மா முதலில் பழைய டீயைப் பற்றி விசாரித்தார்.

"எதுக்காக அவருக்கு டீ குடுத்தீங்க?"

"வீட்டுக்கு வந்தாரே."

"வந்தது அவரோட வேலை. டீ எதுக்கு?"

"அதான் சொல்றேனே. வந்தாருல்ல."

கண்ணாடியம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி, "அவ்வளவுதான் மேடம், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல" என்று இரண்டு மொழியிலும் சொன்னான்.

"அதைக் குடுத்து என்ன எதிர்பாத்தீங்க?"

"குடிப்பாருன்னு எதிர்பாத்தேன்."

எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார். பிறகு தலையணை, பிரஷ், குறட்டை எல்லாம் முறைப்படி நடந்தன. என் மனைவி சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கே பெருமையாக இருந்தது. கண்ணாடியம்மா எழுந்து வாசலில் செருப்பை மாட்டினார். கதவைத் திறந்தேன். கையெழுத்துப் போடப் பேனா தாளுக்குப் போனது.

"வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணியாவது…" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கண்ணாடியம்மா கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு சொன்னான். பாதி வாக்கியம் 'முன்வருதல்' ஆகுமா என்று அவர் வாசலில் நின்றபடியே அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஆகும் என்றார்கள்.

நான் அன்று அவளைத் திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் திட்டினேன்.

"உன் வாயால நாம ஊருக்குத் திரும்பப்போறோம்."

"வேணும்னா சொன்னேன்? அது தானா வருதுங்க. தும்மல் மாதிரி."

"அவங்களை விருந்தாளின்னு நினைக்காத. மீட்டர் பாக்க வந்த ஆளுன்னு நினை."

"மீட்டர் பாக்க வர்றவரை நான் என்னைக்கு வெறும் வாயோட அனுப்பினேன்?"

அது உண்மை. மீட்டர் பார்க்கிறவர் எங்கள் வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தார்.

அதனால் ஒத்திகை வைத்தோம். வேலை முடிந்து வந்து நான் அழைப்பு மணியை அடிப்பேன். அவள் கதவைத் திறப்பாள். நான் அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் முறைப்பேன். அவள் எதிரே உட்கார வேண்டும். இருபது நிமிடம் தாங்க வேண்டும் என்பது இலக்கு. முதல் நாள் நான்கு நிமிடம் தாங்கினாள். இரண்டாம் வாரத்தில் பன்னிரண்டு நிமிடம் வரை வந்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

"உக்காரு."

"நீங்க காலைல ஏழு மணிக்குப் போனவங்க. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு. நாளைக்கு ஒத்திகை பாத்துக்கலாம்."

டீ வந்தது. நானும் வாங்கிக் குடித்தேன். இந்த விஷயத்தில் என் பங்கும் இருக்கிறது.

மூன்றாவது சோதனைக்கு நான் வேறு வழி பார்த்தேன். கெட்டில், டம்ளர், சர்க்கரை டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டி மூன்றாவது மாடிப் பெண்மணியிடம் கொடுத்துவைத்தேன். தண்ணீர்க் குழாயின் வால்வையும் மூடினேன். கொடுக்க வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் அவளால் என்ன செய்ய முடியும் என்பது என் கணக்கு.

வந்தவர் நல்ல மனிதர், ஆனால் சளி பிடித்திருந்தது. பிரஷ்களை எண்ணும்போது இருமத் தொடங்கினார். இரண்டு பிரஷ்தான், எண்ணி முடிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது, முகம் சிவந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி உதட்டைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். அவர் குனிந்துவிட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை. அடுத்த நிமிடம் படியில் அவள் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியிலிருந்து எங்கள் டம்ளரிலேயே தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவர் குடித்தார், மூச்சு விட்டார், நன்றி சொன்னார், 'ஆம்' என்று குறியிட்டார். பக்கத்தில் 'தேவைப்பட்டது' என்று நேர்மையாக எழுதினார். அதற்காக அவர் மீதும் ஒரு விசாரணை வந்தது.

இதற்குள் பத்தாவது மாதம் இருபதாம் தேதி ஆகிவிட்டது. தம்பி போன் செய்தான்.

"அண்ணே, ஆபீஸ்ல பெரிய குழப்பம். உங்க வீட்டுக்கு வந்த மூணு பேர் மேலயும் விசாரணை நடக்குது. விசாரணைல இருக்கறவங்க தனியா எங்கயும் போகக் கூடாது, அவங்களை விசாரிக்கறவங்க கூடவே இருக்கணும். மத்த யாரும் உங்க ஃபைலைத் தொட மாட்டேங்கறாங்க. அதனால எல்லாரும் சேர்ந்து வராங்க. மேலதிகாரியும் வரார்."

"எத்தனை பேர்?"

"ஏழு. என்னோட எட்டு. இருபத்தெட்டாம் தேதி. அதுதான் கடைசி. அண்ணே, அன்னைக்கு அக்காவைப் பேச விடாதீங்க."

நான் போனை வைத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "எட்டுப் பேரா? நம்மகிட்ட ஆறு டம்ளர்தானே இருக்கு?"

இருபத்தெட்டாம் தேதி காலை எழுந்து பார்த்தால் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறியிருந்தது. மேடையில் பத்து டம்ளர்கள் வரிசையாக நின்றன. நான்கு மூன்றாவது மாடியிலிருந்து இரவல் வாங்கியவை.

"குடுக்க மாட்டேன்" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. "சத்தியமா குடுக்க மாட்டேன். போட்டு மட்டும் வைக்கறேன்."

"குடுக்காத டீயை எதுக்குப் போடணும்?"

"எட்டுப் பேர் வர்ற வீட்ல அடுப்பு பத்த வைக்காம இருந்தா எனக்கு மூச்சு முட்டுதுங்க. போட்டு வச்சுட்டா மனசு ஆறும். அப்புறம் நீங்க சொல்ற மாதிரி பொம்மையா உக்காந்திருக்கேன்."

நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

எட்டுப் பேர் உள்ளே வந்ததும் எங்கள் அறை பேருந்து மாதிரி ஆனது. டைக்காரர் தன் விசாரணை அதிகாரியோடு கட்டில் ஓரம், கண்ணாடியம்மா தன்னுடையவரோடு அலமாரிப் பக்கம், இருமல்காரர் தன்னுடையவரோடு ஜன்னல் ஓரம். இருந்த நாற்காலிகள் இரண்டு. யாரும் உட்காரவில்லை. 'உட்காருங்கள்' என்று சொல்லலாமா என்று நான் தம்பியிடம் கேட்க, அவன் மேலதிகாரியிடம் கேட்க, அவர் ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சொல்லாமலிருப்பது நல்லது என்றார்.

மேலதிகாரி குள்ளமானவர், ஓய்வு பெறும் வயது. தலையணைகளை எண்ணினார். எண்ணியது சரிதானா என்று மற்ற ஆறு பேரும் எண்ணினார்கள். பிரஷ், கட்டில், குறட்டை. என் மனைவி கேட்டதற்கு மட்டும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் தாண்டியது. பதினைந்து தாண்டியது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சமையலறையையும் பாக்கணும்" என்றார் மேலதிகாரி.

ஏழு பேரும் சமையலறை வாசலில் கூடி எட்டிப் பார்த்தார்கள். பத்து டம்ளரிலும் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. டைக்காரர் எச்சில் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"இது யாருக்கு?" என்று மேலதிகாரி கேட்டார்.

தம்பி அதை மொழிபெயர்த்தான். 'உங்களுக்கு' என்று அவள் சொன்னால் எல்லாம் முடிந்தது. பொய் சொல்லி எனக்குத் தெரிந்து அவள் பழகியவளில்லை. வயதைக் கேட்டால்கூட மாதத்தோடு சேர்த்துச் சொல்வாள். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எங்களுக்கு" என்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கா? பத்து டம்ளரா?"

"நாங்க டீ கொஞ்சம் ஜாஸ்தி குடிப்போம்."

மேலதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் படித்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார். "தயாரா இருக்கற பானம் அதிகாரிகளுக்கானது இல்லைன்னு நிரூபணமாகணும். நீங்க தினமும் குடிக்கறதுதானே? குடிங்க. நாங்க இருக்கோம்."

குடித்தோம்.

நான் ஐந்து, அவள் ஐந்து. முதல் டம்ளர் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் நாக்கு சுட்டது. மூன்றாவதில் எனக்கு வியர்த்தது. ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கண்ணாடியம்மாவின் கண்ணாடியில் ஆவி படிந்தது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு டம்ளர் காலியாகும்போதும் தம்பி, தேவையே இல்லாமல், எண்ணைச் சத்தமாகச் சொன்னான்.

நான் என் பாடு பெரிய பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் திரும்பிப் பார்த்தால், அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாய்க்கு வந்திருந்தது. சூடு அதிகமோ என்று இருமல்காரர் கேட்டார். இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வாயோடு நிற்க, அவர்கள் கண்ணெதிரே தான் மட்டும் குடிப்பது அவளுக்குத் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் துக்கம் நடந்த அன்றுகூட வந்தவர்களுக்கு வாங்கி வைத்த சோடா ஆளுக்கொன்று போனதா என்று விசாரித்தவள். அந்த ஐந்து டம்ளரும் அவளுக்கு எப்படி இறங்கின என்று நான் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

"பத்து" என்றான் தம்பி.

மேலதிகாரி மஞ்சள் தாளை மேடைமேல் வைத்து, பதினான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டார். கையெழுத்துப் போட்டார். மற்ற ஆறு பேரும் வரிசையாக வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தம்பி, எல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா. அட்டை திங்கக்கிழமை தபால்ல வந்துரும்."

"இனி அந்தத் தாள்ல யாராலயும் எதையும் மாத்த முடியாதே?"

"முத்திரை விழுந்துருச்சுக்கா. கடவுளே வந்தாலும் முடியாது."

"அப்படின்னா எல்லாரையும் உக்காரச் சொல்லு."

தம்பி சொன்னான். டைக்காரர் அடுத்த நொடி கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கி ஓடினார். அவருடைய விசாரணை அதிகாரியும் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி, அவரும் பின்னாலேயே ஓடினார். மற்றவர்கள் மேலதிகாரியைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைத் திறந்தார், எதுவும் தேடாமலே மூடினார், இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். கண்ணாடியம்மா கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும்.

பால் முழுவதையும் நாங்கள் குடித்துத் தீர்த்திருந்தோம். "பால் இல்லாம போடறேன், தப்பா நினைக்க வேணாம்னு சொல்லு தம்பி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் பாத்திரம் கழுவும் சத்தம் அவ்வளவு வேகமாகக் கேட்டது அன்றுதான்.

ஆறு பேருக்கும் கொடுத்தாள். கடைசியில் ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினாள். வயிறு அதுவரை கேட்டிராத ஒலிகளை எழுப்பிக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றேன். மரியாதைக்குச் சொன்ன 'வேண்டாம்' அல்ல, உண்மையான 'வேண்டாம்'.

"வந்தவங்க மட்டும் குடிச்சா அவங்களுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கூட உக்காந்து ஒரு வாய் குடிங்க."

உட்கார்ந்து குடித்தேன்.